தீ அணைந்த பிறகு ஏறும் நீர்

வீட்டுவழிக் கல்வியைப் பற்றி விசாரிக்க வரும் பெற்றோர் பலர் தமிழுக்கும் கணக்குக்கும் அவ்வளவாக அஞ்சுவதில்லை. அறிவியல் என்றதும்தான் தயங்குகிறார்கள். ஆய்வகம் இல்லை, கருவிகள் இல்லை, தாங்கள் படித்ததும் பாதி மறந்துவிட்டது, இந்த நிலையில் ஐந்து வயதுக் குழந்தைக்கு எதைக் காட்டுவது என்ற கவலை அவர்கள் முகத்தில் தெரியும். அடுத்து வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "எந்த சயின்ஸ் கிட் வாங்கலாம்?" அந்தப் பெட்டிகளை நானும் வாங்கியிருக்கிறேன். சோடா உப்பும் வினிகரும் பொங்கி வழியும் எரிமலை, நூலில் வளரும் படிகம், காந்தத்தை ஒட்டிச் சிலிர்த்து நிற்கும் இரும்புத்தூள் எல்லாம் குழந்தைகளுக்கு மகிழ்ச்சி தருபவையே. அவற்றின்மேல் எனக்குக் குறையில்லை. என்னை நெடுநாளாக உறுத்திக்கொண்டிருப்பது, பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் செய்முறைத் தாளின் கடைசிப் பத்தி. "ஏன் இப்படி நடக்கிறது?" என்ற தலைப்பின்கீழ் நான்கு வரி விடை அங்கே தயாராக இருக்கும்.

குழந்தை கையால் செய்து, கண்ணால் பார்த்து, தனக்குத் தோன்றியதைச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அந்த நான்கு வரியை நாம் படித்துக்காட்டிவிடுகிறோம். பெரியவர்களான நமக்கு அது நிறைவைத் தருகிறது; இன்றைய பாடம் முடிந்தது என்று தோன்றுகிறது. ஆனால் ஆறு, ஏழு வயதுக் குழந்தைக்கு அச்சில் இருப்பது பெரியவர்களின் சொல். பெரியவர்களின் சொல்லும் தன் கண்ணும் ஒத்துவராதபோது குழந்தை விட்டுக்கொடுப்பது தன் கண்ணைத்தான். அப்படி ஓரிரு முறை விட்டுக்கொடுத்துப் பழகிய குழந்தை, பிறகு பார்ப்பதையே குறைத்துக்கொள்கிறது. தாளின் கடைசிப் பத்தி எப்போது வரும் என்று காத்திருக்கக் கற்றுக்கொள்கிறது. வீட்டில் அறிவியல் செய்வதன் பெரும்பயனை இப்படி இழந்துவிடுகிறோம் என்று நான் எண்ணுகிறேன். பள்ளி ஆசிரியருக்கு நாற்பது நிமிடமும் முடிக்க வேண்டிய பாடத்திட்டமும் உண்டு. நமக்கு அந்த நெருக்கடி இல்லை. ஒரு கேள்வியை ஒரு வாரம் விடையில்லாமல் வைத்திருக்க நம்மால் முடியும்.

அச்சில் இருப்பது தவறாகவே இல்லாவிட்டாலும் அது நம் ஊருக்குப் பொருந்தாமல் போகலாம். நிழலைக் கவனிக்கும் ஒரு செயல்தாளை இணையத்திலிருந்து எடுத்திருந்தேன். நண்பகலில் குச்சியின் நிழல் வடக்கு நோக்கி விழும், அதைக் கொண்டு திசை அறியலாம் என்று அது கூறியது. ஐரோப்பாவில் வாழும் குழந்தைக்கு அது ஆண்டு முழுவதும் உண்மை. மதுரையில் இருக்கும் எங்களுக்கு அப்படியில்லை. இங்கே சித்திரை பிறந்த ஓரிரு நாளில், மதியம் 12.15 மணியை ஒட்டி, சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. மொட்டைமாடியில் மண்தொட்டியில் நட்ட குச்சிக்கு அந்தச் சிறிது நேரம் நிழலே இருப்பதில்லை. அதற்குப் பிறகு ஆகஸ்ட் கடைசி வாரம் வரை நண்பகல் நிழல் தெற்கே விழுகிறது. சென்னையில் இந்த நிழலில்லா நாள்கள் ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 ஆகிய தேதிகளை ஒட்டி வரும். மாடித் தரையில் சுண்ணக்கட்டியால் குறித்துவந்த குழந்தைகள், நிழல் தொட்டியைத் தாண்டி மறுபக்கம் போய்விட்டதைத் தாங்களாகவே கண்டுபிடித்தார்கள். தாளை முதலில் படித்துக்காட்டியிருந்தால் மே மாதத்தில் அவர்கள் பார்த்த நிழலைத் தப்பான நிழல் என்று நினைத்திருப்பார்கள்.

சுண்ணாம்புக்குள் ஒளிந்திருக்கும் சிவப்பு

விடையைத் தள்ளிவைக்கும்போது என்ன நிகழ்கிறது என்பதை எங்கள் வீட்டில் மிகத் தெளிவாகக் காட்டியவன் சின்னவன். அவனுக்கு அப்போது ஐந்து வயது. உறவினர் வீட்டுத் திருமணத்துக்கு ஆரத்தி கரைக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். மஞ்சள் கரைத்த நீரில் ஒரு துளிச் சுண்ணாம்பு விழுந்ததும் தாம்பாளம் முழுவதும் சிவந்தது. மஞ்சளும் தெரியும், வெள்ளைச் சுண்ணாம்பும் தெரியும், இந்தச் சிவப்பு எங்கிருந்து வந்தது என்று அவன் யாரையும் கேட்கவில்லை. அவனிடம் விடை இருந்தது. "சுண்ணாம்புக்குள்ள செவப்பு ஒளிஞ்சிருக்கு" என்றான். எப்படித் தெரியும் என்று கேட்டேன். அப்பத்தா வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும் சேர்த்து மென்றால் வாய் சிவக்கிறது. இங்கேயும் சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவக்கிறது. இரண்டிலும் இருப்பது சுண்ணாம்பு, ஆகவே சிவப்பு அதற்குள்தான் இருக்கிறது என்பது அவனுடைய வாதம்.

அந்த வாதத்தைக் கேட்டதும் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை எழுத்தில் கொண்டுவருவது கடினம். அவனுடைய முடிவு சரியில்லை. ஆனால் முடிவுக்கு வந்த வழி மிகச் சரியானது. இரண்டு வேறு நிகழ்வுகளில் பொதுவாக இருப்பது எது என்று தேடி, அதையே காரணமாகக் கொள்வது, ஆராய்ச்சியாளர்கள் இன்றும் பின்பற்றும் முறைகளுள் ஒன்று. "இல்லைடா கண்ணா, மஞ்சளில் குர்குமின் என்ற நிறமி இருக்கிறது, காரத்தன்மையுள்ள பொருள் பட்டால் அது சிவக்கும்" என்று நான் சொல்லியிருந்தால் அவனுக்கு இரண்டு புதிய பெயர்கள் கிடைத்திருக்கும். அவனுடைய வாதம் அங்கேயே நின்றுபோயிருக்கும். நான் செய்தது வேறு எதுவுமில்லை, மஞ்சள் கறை படிந்த பழைய கைக்குட்டையையும் துணி சோப்பையும் அவன் கையில் கொடுத்தேன். சோப்பு பட்ட இடம் சிவந்தது. நெடுநேரம் அதையே பார்த்துவிட்டு, "சோப்புலயும் சுண்ணாம்பு போட்டிருக்காங்க" என்றான். கருத்தைக் கைவிடாமல் அதை நீட்டிக்கொண்டான். அதுவும் நியாயமானதே.

மறுநாள் வேலியில் பூத்திருந்த சங்குப்பூக்களைப் பறித்து வெந்நீரில் ஊறவைத்தோம். நீலச் சாற்றில் எலுமிச்சம்பழம் பிழிந்தால் ஊதாவும் இளஞ்சிவப்புமாக மாறுகிறது. சோப்பு நீரை ஊற்றினால் பச்சை வருகிறது. சுண்ணாம்பு நீரிலும் பச்சைதான். சுண்ணாம்புக்குள் சிவப்பு இருந்தால் இங்கே அது எங்கே போயிற்று என்ற கேள்வி அவனுக்குள் தானாகவே எழுந்தது. "அப்ப செவப்பு மஞ்சளுக்குள்ள இருக்கு, சுண்ணாம்பு அதை எழுப்பிவிடுது" என்று இரண்டு நாள் கழித்துக் குளிக்கும்போது சொன்னான். அந்த இரண்டு நாள் அவனுக்குள் என்ன நடந்தது என்பது எனக்குத் தெரியாது. நடந்தது என்பது மட்டும் தெரியும். சிவந்த துணியில் எலுமிச்சைச் சாறு விட்டால் மீண்டும் மஞ்சளாகிறது என்பதைப் பிறகு அவனே கண்டுகொண்டான். வெற்றிலை போட்ட வாயின் சிவப்பு பாக்கிலுள்ள பொருள்கள் சுண்ணாம்புடன் சேர்வதால் வருவது. அதை அவன் இன்னும் தொடவில்லை, நானும் நினைவூட்டவில்லை. இங்கே ஓர் எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும். சுண்ணாம்பைப் பெரியவர்கள் மட்டுமே கையாள வேண்டும். பாக்கெட்டில் விற்கும் ஈரச் சுண்ணாம்பைக் குழந்தை அழுத்தி, அது கண்ணில் தெறித்தால் கருவிழி வெந்துபோகும். எங்கள் வீட்டில் சோப்பு அவர்கள் கையில், சுண்ணாம்பு என் கையில்.

இந்தப் பொறுமை வீட்டுக்கல்வியாளர்களின் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. 1972இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கற்பித்தல் திட்டம், விடைகள் அச்சிடப்படாத பாடநூலை அரசுப் பள்ளிகளுக்குள் கொண்டுசென்றது. சோதனை எப்படிச் செய்வது என்பதும் கேள்விகளும் நூலில் இருந்தன. விடையைக் குழந்தைகள் தங்கள் குறிப்பேட்டில் எழுதினார்கள். தேர்வறைக்குப் புத்தகத்தையும் எடுத்துச் செல்லலாம், ஏனென்றால் தேர்வு கேட்டது மனப்பாடத்தை அன்று. தீக்குச்சிகளையும் சைக்கிள் வால்வு டியூபையும் கொண்டு வடிவங்கள் அமைக்கும் முறையை, பொம்மைகள் வழியே அறிவியல் கற்பிக்கும் அர்விந்த் குப்தா உருவாக்கியது அந்தச் சூழலில்தான். 2002இல் அரசு அத்திட்டத்தை நிறுத்திவிட்டது. தமிழில் இதே பாதையில் நடப்பவர்களுக்குத் தமிழ்நாடு அறிவியல் இயக்கமும், 1987 முதல் வெளிவரும் துளிர் என்ற சிறுவர் அறிவியல் இதழும் நன்கு தெரிந்தவை. ஏழைக் கிராமங்களின் அரசுப் பள்ளிகளில் முப்பது ஆண்டுகள் நடத்திக்காட்டிய ஒன்றை, இரண்டே குழந்தைகள் உள்ள ஒரு வீட்டில் செய்ய நேரமில்லை என்று சொல்வது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

டம்ளருக்குள் நடந்தது

இவ்வளவும் சொல்வது, ஒரு மாலைநேரத்தில் மூத்தவள் கேட்ட கேள்விக்கு வருவதற்காகத்தான். மெழுகுவத்திச் சோதனையை அறியாதவர் இருக்க முடியாது. தட்டில் நீர், நடுவில் எரியும் மெழுகுவத்தி, அதன்மேல் கவிழ்த்த கண்ணாடி டம்ளர். சிறிது நேரத்தில் சுடர் அணைகிறது, தட்டு நீர் டம்ளருக்குள் ஏறுகிறது. ஏறத்தாழ 2,200 ஆண்டுகளுக்கு முன்பே பைசாந்தியத்தின் ஃபைலோ என்ற கிரேக்கப் பொறியாளர் இதை எழுதிவைத்திருக்கிறார். மைக்கேல் ஃபாரடே லண்டனில் சிறுவர்களுக்காக 1848இலும் பின்னர் 1860 முடிவிலும் நிகழ்த்திய கிறிஸ்துமஸ் உரைத் தொடர்கள் முழுவதும் ஒரு மெழுகுவத்தியைச் சுற்றியே அமைந்தன. இத்தனை பேர் கைப்பட்ட சோதனை என்பதால் இதில் புதிதாக எதுவும் வராது என்றுதான் எவரும் நினைப்பார்கள்.

அன்று என் தம்பி வீட்டுக்கு வந்திருந்தான். எவர்சில்வர் தட்டில் சங்குப்பூ நீரை ஊற்றி, நிறம் இருந்தால் நீர் ஏறுவது நன்றாகத் தெரியும் என்பதால், நடுவில் மெழுகுவத்தியை ஒட்டவைத்தோம். செய்வதற்கு முன் என்ன நடக்கும் என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும், அதைக் குறிப்பேட்டில் எழுதிய பிறகே தீக்குச்சி கிழிக்கப்படும் என்பது எங்கள் வழக்கம். தண்ணீர் தீயை அணைத்துவிடும் என்றான் சின்னவன். தீ தானாக அணைந்துவிடும், தண்ணீர் அப்படியே இருக்கும் என்றாள் மூத்தவள். டம்ளரைக் கவிழ்த்தோம். சுடர் சிறுத்து, நீலமாகி, அணைந்தது. ஒரு இழை புகை மேலே சுழன்றது. நீர் சட்டென்று உள்ளே ஏறியது. சின்னவன் கைதட்டினான்.

என் தம்பி பொறியியல் படித்தவன், மருமக்கள்மேல் உயிராக இருப்பவன். அவனும் நானும் பள்ளியில் படித்த விளக்கத்தை ஆசையோடு சொன்னான். காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன். தீ அதைத் தின்றுவிட்டது. காலியான இடத்துக்கு நீர் ஏறிவிட்டது. டம்ளரில் நீர் ஏறிய அளவைப் பார்த்தால் கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது. மூத்தவள் டம்ளரிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்: "மாமா, தீ எரியும்போது தண்ணி ஏறவே இல்லையே. அணைஞ்ச பிறகுதானே ஏறுச்சு. அணைஞ்ச தீ எப்படிக் காத்தைத் திங்கும்?"

அறையில் யாரும் உடனே பேசவில்லை. அந்தச் சோதனையைப் பள்ளியில் பார்த்தவர்கள் நானும் என் தம்பியும். அப்போதும் நீர் சுடர் அணைந்த பிறகுதான் ஏறியிருக்கும். நாற்பது மாணவர்கள் சுற்றி நின்று பார்த்தோம். ஒருவரும் அதைக் கேட்கவில்லை, ஏனென்றால் எதைப் பார்க்க வேண்டும் என்று முன்பே எங்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. ஆக்சிஜன் தீர்ந்ததால் நீர் ஏறுகிறது என்றால், சுடர் எரிய எரிய நீர் மெல்ல உயர வேண்டும். சுடர் அணையும்போது நீரும் நின்றுவிட வேண்டும். அவள் கண்முன் நடந்தது அதற்கு நேர்மாறானது. ஏழு வயதுப் பெண் அதைச் சொல்ல முடிந்ததற்குக் காரணம் அவள் அறிவாளி என்பதன்று. டம்ளரைப் பார்ப்பதற்கு முன் அவளிடம் விடை இல்லை, அவ்வளவுதான்.

என் தம்பி செய்ததை நான் எப்போதும் நன்றியோடு நினைப்பேன். தன் விளக்கத்தைக் காப்பாற்ற அவன் முயலவில்லை. "திரும்பச் செஞ்சு பாப்போமா?" என்று அவளிடம் கேட்டான். இந்த முறை மூவரும் தரையில் குப்புறப் படுத்து டம்ளரின் விளிம்பைப் பார்த்தார்கள். கவிழ்த்த உடனே விளிம்பின் அடியிலிருந்து சில குமிழ்கள் வெளியேறின. "காத்து வெளிய ஓடுது" என்றான் சின்னவன். உள்ளே இடம் காலியாகி நீர் உள்ளே வர வேண்டிய நேரத்தில் காற்று ஏன் வெளியே ஓடுகிறது என்பது இப்போது இரண்டாவது கேள்வி ஆயிற்று.

பிறகு வந்த நாள்களில் மூத்தவள் சோதனையை மாற்றத் தொடங்கினாள். ஒரு மெழுகுவத்திக்குப் பதிலாக மூன்று வைத்தால்? டம்ளர் அதேதான், உள்ளே இருக்கும் காற்றும் அதேதான்; மெழுகுவத்திகள் அடைத்துக்கொள்ளும் இடத்தால் அது சற்றுக் குறைவாகத்தான் இருக்கும். ஆக்சிஜன்தான் காரணம் என்றால் நீர் அதே அளவு ஏற வேண்டும். மூன்று வைத்தபோது நீர் தெளிவாகவே அதிகம் ஏறியது. அவள் டம்ளரின் வெளிப்புறத்தில் வெவ்வேறு நிற நூல்களைக் கட்டி உயரத்தைக் குறித்தாள். மூன்று மெழுகுவத்தி எரியும்போது டம்ளரைத் தொட முடியாத அளவு சூடாக இருக்கிறது என்பதைக் கையை அருகே கொண்டுபோய் உணர்ந்தவளும் அவள்தான். சூடு என்ற சொல் அங்கேதான் முதலில் வந்தது.

விடைக்கு மிக அருகில் அவர்களைக் கொண்டுசேர்த்தது என் மாமியார், அதுவும் அவருக்குத் தெரியாமலே. சமையலறையில் குழம்புப் பாத்திரத்தின் மூடியைத் திறக்க முடியாமல் நான் இழுத்துக்கொண்டிருந்தேன். "சூடா இருக்கும்போதே அழுத்தி மூடினா ஆறின பிறகு இறுகிக்கும்னு எத்தன தடவ சொல்றது, லேசா சுட வை, தானா விடும்" என்று அத்தை கடிந்துகொண்டார். மூத்தவள் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்பத்தா, ஆறினா ஏன் இறுகுது?" என்று கேட்டாள். "ஆறினா இறுகும்டி, அது அப்படித்தான்" என்பது அவருடைய பதில். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது. அன்று பிற்பகல் மெழுகுவத்தியே இல்லாமல் சோதனையைச் செய்யலாமா என்று கேட்டாள். கண்ணாடி டம்ளரில் சூடான நீரை நான் ஊற்றி, சற்று நேரம் வைத்திருந்து கொட்டிவிட்டு, உடனே நீருள்ள தட்டில் கவிழ்த்தோம். தீயில்லை, புகையில்லை. டம்ளர் ஆற ஆற நீல நீர் மெல்ல உள்ளே ஏறியது. அவள் எழுந்து நின்று, "தீ வேணாம்மா, சூடு போதும்!" என்று கத்தினாள். எங்கள் வீட்டில் நடந்த அறிவியலில் நான் மிக உயர்வாக மதிக்கும் நேரம் அது.

பெரியவர்களுக்காகக் கணக்கை இங்கே சொல்லிவிடுகிறேன். டம்ளர் சுடருக்கு மேலே வரும்போதே உள்ளிருக்கும் காற்று சூடாகி விரிந்து, ஒரு பகுதி வெளியேறிவிடுகிறது. விளிம்பில் வந்த குமிழ்கள் அதுதான். உள்ளிருக்கும் ஆக்சிஜன் முழுவதும் தீரும்வரை மெழுகுவத்தி எரிவதில்லை. காற்றில் 21 விழுக்காடாக இருக்கும் ஆக்சிஜன் சுமார் 16 விழுக்காட்டுக்குக் குறையும்போதே சுடர் அணைந்துவிடும். செலவான அந்த 5 பங்கும் வெற்றிடமாகப் போய்விடுவதில்லை. மெழுகு எரிகையில் 3 பங்கு ஆக்சிஜனுக்கு ஏறத்தாழ 2 பங்கு கார்பன் டை ஆக்சைடு உண்டாகிறது. ஒரு நிமிடத்துக்குள் அது நீரில் கரைந்து மறைவதும் இல்லை. உடன் உண்டாகும் நீராவி முழுவதும் குளிர்ந்து நீரானாலும், எரிதலால் மட்டும் குறையும் அளவு 100இல் 2 பங்குக்கும் கீழேதான். ஆனால் 100 பாகை செல்சியஸ் சூட்டில் இருக்கும் காற்று 30 பாகைக்கு ஆறினால் அதன் பருமன் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சுருங்கும். சுருங்கிய காற்றின் அழுத்தம் குறைய, வெளிக்காற்று நீரை உள்ளே தள்ளுகிறது. ஆக்சிஜனின் அளவும் இந்தச் சுருக்கத்தின் அளவும் தற்செயலாக அருகருகே வருவதால்தான் பழைய விளக்கம் இத்தனை காலம் சந்தேகத்துக்கு இடமின்றி நூல்களிலும், இப்போது காணொளிகளிலும் தங்கியிருக்கிறது.

மூத்தவள் "சூடு ஆறும்போது உள்ள இழுக்குது" என்றே சொல்கிறாள். இழுப்பதில்லை, வெளியே இருக்கும் காற்று தள்ளுகிறது என்று நான் திருத்தவில்லை. காற்றுக்கு எடை உண்டு, அது எல்லாப் பக்கமும் அழுத்துகிறது என்பதை அவள் வேறு சோதனைகளில் உணர்ந்த பிறகு இந்த "இழுக்குது" அவளுக்கே உறுத்தும். உறுத்தும் நாளில் அவள் திரும்பி வருவாள் என்ற நம்பிக்கை எனக்கு இருக்கிறது. அருகில் ஒரு பெரியவர் எப்போதும் இருக்க வேண்டும், தலைமுடியைக் கட்டியிருக்க வேண்டும், பருத்தி உடை அணிந்திருக்க வேண்டும், தீக்குச்சி பெரியவர் கையில் மட்டுமே இருக்க வேண்டும் என்பவற்றில் மட்டும் நான் எந்தத் தளர்வும் காட்டுவதில்லை.

ஐந்தில் ஒரு பங்கு

இதை வாசிக்கும் சிலருக்கு ஒரு நியாயமான கேள்வி எழும். மெழுகுவத்தி சாட்சி சொல்லாது என்றால், காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன் என்ற உண்மையைக் குழந்தைக்கு எதைக் கொண்டு காட்டுவது? அதைக் காட்ட நேர்மையான வழி ஒன்று உண்டு. அதற்குத் தேவைப்படுவது பொறுமை மட்டுமே. லேத் பட்டறையில் கேட்டால் இரும்புச் சீவலும் தூளும் ஒரு கைப்பிடி தருவார்கள். பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரில் பெரும்பாலானவை துருப்பிடிக்காத வகை என்பதால் அவை உதவாது. ஒரு உயரமான கண்ணாடி டம்ளரின் உட்புறத்தை நனைத்து, அடிப்பகுதியில் இரும்புத்தூளைத் தூவி ஒட்டவைத்து, நீருள்ள தட்டில் கவிழ்த்து வைக்க வேண்டும். தீயில்லை, சூடில்லை. ஈர இரும்பு துருப்பிடிக்கும்போது காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது. வெளிவிடும் வாயு எதுவும் கிடையாது. நீர் நாள்கணக்கில் மெல்ல மெல்ல ஏறி, ஐந்தில் ஒரு பங்கை ஒட்டி நின்றுவிடும். அதன் பிறகு எத்தனை நாள் வைத்திருந்தாலும் மேலே போகாது.

சமையல் மேடையின் மூலையில் அதை வைத்திருந்தோம். தினமும் காலையில் பால் குடிக்கும்போது பிள்ளைகள் நீர்மட்டத்தைப் பார்த்துப் பேனாவால் கோடு போட்டார்கள். முதலிரண்டு நாள் ஒன்றுமே நடக்காததுபோல் இருந்தது, சின்னவன் நம்பிக்கையிழந்து வேறு விளையாட்டுக்குப் போய்விட்டான். இரும்பு பழுப்பு நிறமான பிறகு கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறத் தொடங்கியபோது திரும்பி வந்தான். பிறகு கோடுகள் ஒரே இடத்தில் விழத் தொடங்கின. "இரும்புக்குப் பசி அடங்கிருச்சு" என்றான் அவன். "இல்ல, அதுக்குப் பிடிச்ச காத்து தீந்துபோச்சு, மிச்சம் இருக்கறது பிடிக்காத காத்து" என்றாள் அவள். எது சரி என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டதற்கு, புதிய இரும்புத்தூளைக் காற்று உள்ளே புகாமல் போட முடிந்தால் தெரிந்துவிடும் என்று இருவரும் சேர்ந்து சொன்னார்கள். அதை எப்படிச் செய்வது என்பதற்கு எங்களிடம் இன்னும் நல்ல வழி அமையவில்லை. அந்த டம்ளருக்குள் எரியும் குச்சியை நுழைத்து அந்த மிச்சக் காற்றில் தீ எரிகிறதா என்று பார்க்கலாம் என்பது மூத்தவளின் யோசனை. என் தம்பி அடுத்து வரும்போது அதைச் செய்வதாக ஒப்பந்தம்.

இவை எல்லாம் முடிந்த பிறகும் எனக்கும் என் கணவருக்கும் இடையே ஒரு விவாதம் தீராமல் இருக்கிறது. தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்புத் தேர்வெழுத 14 வயது நிறைந்திருக்க வேண்டும். மூத்தவளுக்கு அதற்கு இன்னும் பல ஆண்டுகள் உள்ளன. ஆனால் அன்று, அல்லது அதற்கு முன்பே ஏதோ ஒரு வினாத்தாளில், மெழுகுவத்தியின்மேல் கவிழ்த்த டம்ளருக்குள் நீர் ஏன் ஏறுகிறது என்ற கேள்வியை அவள் சந்திக்கக்கூடும். விடைத்தாள் திருத்துபவர் எதிர்பார்ப்பது பழைய விளக்கமாக இருக்கக்கூடும். அவர்கள் கேட்பதை எழுதிவிட்டு, தெரிந்ததை மனத்தில் வைத்துக்கொள்ளட்டும் என்பது அவருடைய நிலை. பிள்ளையின் ஓராண்டு உழைப்பை ஒரு கேள்விக்காகப் பணயம் வைக்கக் கூடாது என்று அவர் சொல்வதில் அன்பும் அனுபவமும் இருப்பதை நான் மறுக்கவில்லை. என் நிலை வேறு. காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன் என்று அவள் எழுதட்டும், அதற்குச் சான்றாக இரும்புத்தூளைக் காட்டட்டும். மெழுகுவத்தியைப் பற்றிக் கேட்டால், நீர் ஏறியது தீ அணைந்த பிறகுதான் என்பதையும், தீயே இல்லாத சூடான டம்ளருக்குள்ளும் அது ஏறியது என்பதையும் இரண்டு வரியில் எழுதட்டும். அந்த இரண்டு வரிக்கு மதிப்பெண் கிடைக்காமல் போகலாம். போகட்டும் என்று நான் சொல்கிறேன்; அவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. அவளிடம் இதைப் பற்றி நாங்கள் இதுவரை பேசவில்லை, தேர்வெழுதும் வயது வரும்போது முடிவை அவளே எடுக்கட்டும் என்பதில் மட்டும் இருவரும் ஒத்துப்போகிறோம்.